மொட்டை மாடி ஒழுகல்: நாலைந்து மழைக்காலம் தாண்டி நிற்கும் வேலை எது?

சென்னை, செங்கல்பட்டுப் பக்கம் 30, 40 வருடப் பழைய வீடுகளின் மொட்டை மாடி பெரும்பாலும் ஒரே மாதிரிதான். கான்கிரீட் தளம், அதன்மேல் 3 அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்த தளம், அதற்கும் மேல் 9 அங்குலத் தட்டோடு. ஒழுக ஆரம்பித்ததும் பலரும் செய்வது, ஓட்டின்மேல் அக்ரிலிக் வெள்ளைப் பூச்சு அடிப்பது. முதல் ஐப்பசியில் ஒரு சொட்டு இறங்காது. மூன்றாவது, நான்காவது மழைக்காலத்தில் ஓட்டு இடுக்குகளின் மேல் கோடு கோடாக வெடிக்கும், தண்ணீர் தேங்கும் இடத்தில் கொப்புளமாக எழும்பி உரியும். பூச்சைக் குறை சொல்லிப் பயனில்லை. ஜல்லித் தளத்துக்குள் ஏற்கெனவே ஊறிக் கிடக்கும் தண்ணீர் சித்திரை வெயிலில் ஆவியாகி மேலே வரப் பார்க்கிறது. வழியை அடைத்தால் பூச்சைத் தூக்கிக்கொண்டுதான் வரும்.

சீலிங்கில் கறை தெரியும் இடத்துக்கு நேர் மேலே துளை இருக்கும் என்று நம்பி அங்கே ஓட்டைப் பெயர்க்க வேண்டாம். ஜல்லித் தளத்துக்குள் புகுந்த தண்ணீர் வாட்டத்தோடு ஓடி, கான்கிரீட்டில் விரிசல் கிடைத்த இடத்தில்தான் இறங்கும். அது 10 அடி தள்ளியும் இருக்கலாம். மழை விட்டு வெயில் வந்து இரண்டு மணி நேரம் கழித்து மாடியைப் பாருங்கள். ஓடு காய்ந்திருக்கும், சில இடுக்குகள் மட்டும் கருப்பாக ஈரம் காட்டும். அவற்றைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். கோடையிலும் கறை ஈரமாகவே இருந்தால் குற்றவாளி பெரும்பாலும் மாடி அல்ல. குளியலறையையோ குழாயையோ பாருங்கள்.

அதிகம் ஒழுகுவது நடு மாடியில் இல்லை, கைப்பிடிச்சுவர் தளத்தைத் தொடும் மூலையில். கான்கிரீட் வெயிலில் நீளும் அளவும் செங்கல் சுவர் நீளும் அளவும் வேறு. அதனால் அங்கே நூல் கனத்தில் ஒரு விரிசல் ஓடும். சிமென்ட் பால் ஊற்றினால் அடுத்த கோடையிலேயே மறுபடி திறக்கும். அந்த இடத்தை 10 மி.மீ. அகலம், 10 மி.மீ. ஆழத்துக்கு வெட்டி, தூசியை ஊதிச் சுத்தம் செய்து, நன்றாகக் காய்ந்த பிறகு ரப்பர் போல இழுபடும் பாலியூரித்தேன் சீலன்ட் என்ற அடைப்புப் பசையை நிரப்ப வேண்டும். அதன்மேல் 2 அங்குலத்துக்கு 2 அங்குலம் வளைவாகக் கலவை வைத்து, நீர்த்தடுப்புப் பூச்சைச் சுவரில் ஒரு அடி உயரம் வரை ஏற்ற வேண்டும். இந்த மூலையை மட்டும் சரியாகச் செய்து, பாதி ஒழுகல் நின்றுபோன வீடுகள் நிறைய.

ஓட்டைக் கரணைக் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போனால் பிடிப்பு விட்ட ஓடு பொள்ளல் சத்தம் கொடுக்கும். நாலில் ஒரு பங்குக்குமேல் அப்படி இருந்தால் ஒட்டுவேலை வீண். குறைவாக இருந்தால் அவற்றை மாற்றி, மற்ற இடுக்குகளை 12 மி.மீ. ஆழம் தோண்டி, தண்ணீருக்குப் பதில் லேட்டக்ஸ் (ரப்பர் பால் போன்ற திரவம்) சேர்த்த கிரவுட், அதாவது இடுக்கு நிரப்பும் கலவையை, அழுத்தி நிரப்புங்கள். வாட்டம் 10 அடிக்கு 1¼ அங்குலமாவது வேண்டும். 400 சதுர அடிக்கு ஒரு 4 அங்குல மழைநீர்க் குழாய் என்பது நல்ல கணக்கு.

பழைய ஓட்டின்மேலேயே 2 அங்குலக் கலவை போட்டுப் புது ஓடு பதிக்கலாம் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். சதுர மீட்டருக்கு 100 கிலோ ஏறும்; 1000 சதுர அடி மாடிக்கு அது 9 டன்னுக்குமேல். கம்பி துருப்பிடித்த பழைய தளத்துக்கு அந்தப் பாரம் ஆகாது.

நிலைத்து நிற்பது, செலவானாலும், ஜல்லித் தளம்வரை பெயர்த்தெடுத்துக் கான்கிரீட்மேல் செய்யும் வேலைதான். பவுடரும் திரவமும் கலக்கிற பாலிமர் சிமென்ட் பூச்சை, தளத்தை நனைத்து, தேங்கிய நீரைத் துடைத்துவிட்டு, இரண்டு கோட் குறுக்கும் நெடுக்குமாக அடிக்க வேண்டும். முதல் கோட் ஈரத்தில் விரிசல்கள்மேல் ஃபைபர் வலை பதிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து 2 அங்குலம் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் கீழே பாருங்கள். அதில் தேறிய பிறகே மேல்வேலை. இந்தச் சோதனைக்கு மேஸ்திரி தயங்கினால் கடைசித் தவணையை நிறுத்தி வையுங்கள்.

கீழே சீலிங்கில் காரை விழுந்து கம்பி தெரிந்தால் அதன்மேல் நேராகப் பூசக் கூடாது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைக்கும், பூசியதையும் தள்ளிவிடும். கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவு கொத்தி, கம்பி பிரஷால் தேய்த்து, துத்தநாக பிரைமர் அடியுங்கள். கம்பி கால் பங்கு கனம் இழந்திருந்தால் பொறியாளரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் புதுக் கம்பி கட்டியாக வேண்டும். பிறகு 10 கிலோ சிமென்ட், 30 கிலோ மணல், 1 முதல் 1½ லிட்டர் எஸ்பிஆர் (செயற்கை ரப்பர்) லேட்டக்ஸ் என்ற கலவையை ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மிகாமல் அப்புங்கள். மொத்தமாக அப்பினால் தன் கனத்திலேயே தொங்கிக் கழன்றுவிடும்.

உள்சுவரில் உப்புப் பூத்த இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளேதான் போகும். காய்ந்த பிரஷால் தட்டி எடுங்கள். உதிர்கிற பூச்சை, ஈரம் தெரியும் எல்லைக்கு ஒரு அடி அப்பால்வரை செங்கல் தெரிய எடுத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து ஃபேன் போட்டு வைக்க வேண்டும். மாடி வேலையை மாசி, பங்குனியில் முடித்தால் கோடை முழுக்கச் சுவர் காயும். பட்டி பார்க்கும் முன் ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் நீர்த்துளி கோத்திருந்தால் பெயின்ட்காரரை இன்னும் கூப்பிட வேண்டாம்.