கார்த்திகையில் துங்கநாதர் தரிசனம் என்று விற்கப்படும் யாத்திரை: மதுரைப் பகுதி அன்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கார்த்திகைச் சோமவாரத்தில் இமயமலையிலுள்ள துங்கநாதர் சந்நிதியில் சிறப்பு அபிஷேகம், மறுநாள் விடியலில் அதற்கு மேலுள்ள சந்திரசிலா உச்சியில் சூரிய தரிசனம் என்று விளம்பரம் செய்து, மதுரையிலும் திருமங்கலம், மேலூர்ப் பக்கங்களிலும் ஆள் சேர்க்கும் யாத்திரை ஏற்பாட்டாளர் ஒருவரால், 2024ஆம் ஆண்டு எங்கள் குடும்பமும் எங்கள் தெருவைச் சேர்ந்த சிலரும் ஏமாற்றப்பட்டோம். அதே விளம்பரம் வாட்ஸ்அப் குழுக்களில் மீண்டும் சுற்றத் தொடங்கியிருப்பதால் இதை எழுதுகிறேன். கார்த்திகை மாதத்தில் துங்கநாதர் கோயிலின் நடை திறந்திருப்பதில்லை.

உத்தராகண்ட் மாநிலத்தில் பஞ்ச கேதாரம் எனப்படும் ஐந்து சிவத்தலங்களுள் ஒன்றான துங்கநாத், ஏறத்தாழ 3,680 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கேதார்நாத்தைவிடவும் உயரமான இடம் அது. குளிர்காலத்தில் அங்கே ஆள் தங்க முடியாது என்பதால், ஆண்டுதோறும் பெரும்பாலும் நமது ஐப்பசி மாதத்திலேயே நடை சாத்தப்பட்டு, உற்சவ மூர்த்தி பல்லக்கில் மலையிறங்கி மக்குமட் என்னும் ஊருக்கு எழுந்தருளுகிறார். அடுத்த கோடை வரை பூஜைகள் அந்த ஊர்க் கோயிலில்தான் நடைபெறும். நடை சாத்தும் நாள் விஜயதசமியன்றும், திறக்கும் நாள் நமக்குச் சித்திரைப் பிறப்பை ஒட்டி வரும் வைசாகியன்றும் வெளிப்படையாக அறிவிக்கப்படுகின்றன. 2024இல் நவம்பர் 4ஆம் தேதி நடை சாத்தப்பட்டது. கார்த்திகை பிறந்ததோ அதற்குப் பிறகு நவம்பர் நடுவில்தான். நம் ஊரில் சிவனடியார்களுக்கு உகந்த மாதம் கார்த்திகை என்பதால் அந்த மாதத்தைக் காட்டி விற்றால் கூட்டம் சேரும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்பதே என் முடிவு.

அந்த ஏற்பாட்டாளருக்கு இது தெரியாமல் இருந்திருக்க முடியாது என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆளுக்கு 38,000 ரூபாய் என்று பேசி, நவராத்திரிக்கு முன்பே பாதித் தொகையை வாங்கியவர், மீதியைத் தீபாவளி கழித்து வாங்கினார். நடை சாத்தும் தேதி விஜயதசமியன்றே அறிவிக்கப்பட்டுவிட்ட பின்பும், அபிஷேகத்துக்கென்று தனியாக 2,500 ரூபாயும், "அரசு யாத்திரைப் பதிவுக் கட்டணம்" என்று 1,000 ரூபாயும் சேர்த்தே பெற்றுக்கொண்டார். உத்தராகண்ட் அரசின் யாத்திரைப் பதிவு கேதார்நாத், பத்ரிநாத் முதலிய சில தலங்களுக்கானது. அப்போது அதற்கும் கட்டணம் இல்லை. விரும்புவோருக்குக் கூடுதல் தொகையில் ஹெலிகாப்டரில் கேதார்நாத் தரிசனம் என்றும் அதே துண்டறிக்கையில் அச்சிட்டிருந்தார்கள். தீபாவளியை அடுத்து வரும் யம துவிதியையன்று கேதார்நாத்தின் நடை அடைக்கப்படுவது ஆண்டுதோறும் மாறாத வழக்கம். எனவே கார்த்திகையில் அதுவும் நடவாத காரியம். துங்கநாத்தைப் பாடல் பெற்ற தலம் என்றும் அந்தத் துண்டறிக்கை சொல்கிறது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய வடநாட்டுத் தலம் கேதாரம். துங்கநாத்துக்குத் தேவாரப் பதிகம் கிடையாது. பக்தியோடு வரும் வயதானவர்களிடம் இப்படியொரு பொய்யைச் சொல்லிப் பணம் வாங்கியதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கசக்கிறது.

மதுரையிலிருந்து சம்பர்க் கிராந்தி ரயிலில் டெல்லி வரையிலான பயணத்தில் குறை ஒன்றுமில்லை. ரிஷிகேசத்திலிருந்து புறப்பட்ட வேன், தேவப்பிரயாகை, ருத்ரப்பிரயாகை, ஊக்கிமட் வழியாக இருட்டிய பிறகு, கோயிலுக்கு நடைபாதை தொடங்கும் சோப்தா போய்ச் சேர்ந்தது. தமிழ் தெரிந்த வழிகாட்டி, ஆக்சிஜன் சிலிண்டர், வெந்நீர் வசதியுள்ள அறை என்று சொல்லப்பட்டவற்றில் எதுவும் அங்கே இல்லை. கூட வந்த ஏற்பாட்டாளரின் ஆள், விடுதிக்காரரிடம் நாங்களே இந்தியில் தட்டுத் தடுமாறிக் கேட்ட பிறகுதான், நடை சாத்தி நாளாகிவிட்டது என்பதை ஒப்புக்கொண்டார். என் பெரியம்மா அழுதுவிட்டார். அவரிடம் அந்த ஆள் சொன்ன பதில் அப்படியே நினைவிருக்கிறது: "நடை சாத்தியிருந்தா என்னம்மா, வாசல்ல நின்னு கும்பிட்டாலும் அதே புண்ணியம்தானே."

அப்படியானால் மூர்த்தி இருக்கும் மக்குமட்டுக்காவது அழைத்துப் போங்கள் என்று எல்லோரும் கேட்டோம். நாங்கள் கடந்து வந்த ஊக்கிமட்டுக்கும் சோப்தாவுக்கும் இடையிலிருந்து பிரிந்து போகும் ஊர் அது. பயணத் திட்டத்தில் இல்லை, வண்டிக்கு ஆளுக்கு 1,500 ரூபாய் தனியாகக் கொடுத்தால் பார்க்கலாம் என்றார். அபிஷேகத்துக்கு வாங்கிய பணம் அவர்கள் கையில் இருக்கும்போதே சொன்ன வார்த்தை இது.

உயரத்தைப் பற்றி எங்களுக்குச் சொல்லப்பட்டது இன்னும் ஆபத்தானது. "சதுரகிரி ஏறினவங்களுக்கு இது ஒண்ணுமே இல்ல, நாலு கிலோமீட்டர் கல் பாதைதான்" என்று மதுரையிலேயே எல்லோரிடமும் சொல்லியிருந்தார்கள். தூரத்தைப் பொறுத்தவரை அது ஏறக்குறைய உண்மை. ஆனால் சதுரகிரியில் வலிப்பது கால். துங்கநாத்தில் திணறுவது மூச்சு. வண்டி நிற்கும் சோப்தாவே ஏறத்தாழ நம் தொட்டபெட்டா சிகரத்தின் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கோயிலுக்குப் போனால் கடல் மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் மிஞ்சும். அதற்கு மேல் இன்னும் ஒன்றரைக் கிலோமீட்டர் செங்குத்தாக ஏறினால் வரும் சந்திரசிலா, 4,000 மீட்டரை ஒட்டியது. சில நூறு மீட்டர் உயரத்திலுள்ள ரிஷிகேசத்திலிருந்து ஒரே பகலில் சோப்தாவுக்கு ஏற்றி, உடம்பு பழகுவதற்கு ஓர் இரவுகூட முழுதாக விடாமல், அறுபது வயதைக் கடந்தவர்களை விடிகாலை மூன்று மணிக்கு எழுப்பி, பூஜ்ஜியத்துக்குக் கீழே போன குளிரில் உச்சிக்கு நடத்துவதை எந்தப் பொறுப்புள்ள வழிகாட்டியும் செய்யமாட்டார். இடையில் ஊக்கிமட்டில் ஓர் இரவும் சோப்தாவில் ஓர் இரவும் தங்க வைத்திருக்கலாம். அந்த அறை வாடகையை மிச்சப்படுத்தினார்கள் என்பதைத் தவிர இந்த அவசரத்துக்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

பாதி வழியிலேயே பெரியம்மாவுக்குத் தலை பிளப்பதுபோல வலி வந்து, வாந்தியும் எடுத்தது. இது மலை உயரத்தால் வரும் நோயின் அறிகுறி. இந்த நிலையில் மேலே போகவே கூடாது, கீழே இறங்குவதுதான் முதல் மருந்து. ஏற்பாட்டாளரின் ஆளோ, இஞ்சி மிட்டாயைக் கையில் கொடுத்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு மெதுவாக ஏறச் சொன்னார். குழுவைப் பிரிக்க முடியாது என்றும் சொன்னார். நாங்கள் அவர் பேச்சைக் கேட்காமல், உறைபனியால் வழுக்கிய கற்களில் பெரியம்மாவைத் தாங்கிப் பிடித்து இறக்கி, வாடகை வண்டி ஒன்றைப் பேசி ஊக்கிமட் வரை கொண்டு வந்தோம். ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்திலுள்ள அந்த ஊருக்கு இறங்கிய பிறகுதான் அவர் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். அந்த வண்டிச் செலவையும் நாங்களே கொடுத்தோம்.

மலையின் மேலோ, அங்குள்ளவர்களின் மேலோ எனக்கு எந்த வருத்தமும் இல்லை. விடுதிக்காரர் இரவோடு இரவாகக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். நடை சாத்திய மாதங்களிலும் சந்திரசிலாவுக்கு மலையேற்றக்காரர்கள் போகிறார்கள். திடமான உடம்பும் குளிருக்கான உடையும் பழக்கப்பட்ட வழிகாட்டியும் இருந்தால், உச்சியில் நின்று நந்தாதேவி, திரிசூல், சௌகம்பா சிகரங்களைப் பார்க்கலாம். அது மலையேற்றம். அதைத் தரிசன யாத்திரை என்று சொல்லி, அபிஷேகக் கட்டணமும் வாங்கி, வயதானவர்களிடம் விற்றதுதான் குற்றம்.

ஊர் திரும்பியதும் ஏற்பாட்டாளரிடம் பணத்தைத் திரும்பக் கேட்டோம். ஆண்டவன் சித்தம் என்றார், இயற்கைச் சூழல் என்றார், கடைசியில் தொலைபேசியையே எடுக்கவில்லை. பணம் அனைத்தும் ஒரு தனிநபரின் வங்கிக் கணக்குக்கு ஜிபே வழியாகப் போயிருந்தது. ரசீதில் ஜிஎஸ்டி எண் இல்லை. ஆயினும் துண்டறிக்கையும் வாட்ஸ்அப் செய்திகளும் வங்கிக் கணக்கு விவரமும் எங்களிடம் இருந்தன. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, வக்கீல் நோட்டீஸ் அனுப்பினோம். அதற்குப் பதில் வராததால், மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் அளித்திருக்கிறோம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. பாதிப்பு ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அளிக்க வேண்டும். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே அளிக்கலாம்.

வரும் கார்த்திகைக்கு இப்படிப்பட்ட யாத்திரைக்கு ஏற்கெனவே முன்பணம் கட்டியிருப்பவர்கள், கோயில் நடை எந்தத் தேதி வரை திறந்திருக்கும், எந்தெந்த ஊரில் எத்தனை இரவு தங்க வைப்பார்கள், அபிஷேகத்துக்கான கோயில் ரசீது கிடைக்குமா என்று இன்றைக்கே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால், மீதிப் பணத்தைக் கொடுக்காமல் முன்பணத்தைத் திரும்பக் கேளுங்கள். எங்களோடு அந்தப் பயணத்தில் வந்தவர்களும், வேறு ஆண்டுகளில் இதே முறையில் பணத்தை இழந்தவர்களும், தங்களிடமுள்ள ரசீதுகளையும் செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள். ஒரே குறையுள்ள பலர் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்து ஒரே புகாராக நடத்துவதற்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது.