நாமாவைக் கேள்வி கேட்பது யார்: குழுவா, ஆணையமா?

வங்கிகளின் வாராக்கடன்களை வாங்கிக் கையாள அயர்லாந்து அரசு அமைத்த நிறுவனம் நாமா. வட அயர்லாந்துக் கடனாளிகளின் கடன்களை அது 2014-இல் 'புராஜெக்ட் ஈகிள்' என்ற பெயரில் ஒரே மூட்டையாக அமெரிக்க முதலீட்டு நிறுவனமான செர்பரஸுக்கு விற்றது. அதில் 19 கோடி பவுண்டு வரை இழப்பு நேர்ந்திருக்கலாம் என்று 2016-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் சொன்னார். நாமா மறுத்தது. சரி, இதை யார் விசாரிப்பது?

நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு வெளிப்படையாக விசாரித்தது. அதிகாரிகளை எதிரே உட்காரவைத்து உறுப்பினர்கள் கேள்வி கேட்பதை வீட்டிலிருந்தே பார்க்கலாம். 2017 மார்ச்சிலேயே அறிக்கையும் வந்துவிட்டது. ஆனால் தனிநபர் மீது குற்றம் காணும் அதிகாரம் குழுவுக்கு இல்லை. அதைத் தரக் கேட்ட 2011 பொதுவாக்கெடுப்பை மக்களே நிராகரித்தார்கள்.

அப்புறம் அதே 2017-இல் விசாரணை ஆணையம் அமைந்தது. சாட்சிகளைக் கட்டாயப்படுத்த முடியும், ஆவணங்களைக் கேட்டு வாங்க முடியும். ஆனால் பெரும்பாலும் மூடிய கதவுக்குள், ஆண்டுக்கணக்கில்.

எனக்குக் குழுதான் மேல். வங்கிகளின் 7,400 கோடி யூரோ கடனை நாமா சுமார் 3,180 கோடிக்கு வாங்கியது அரசு உத்தரவாதத்தின் பேரில், அதாவது மக்கள் பணத்தை நம்பி. இந்த விற்பனை தொடர்பாக மான் தீவுக் கணக்கொன்றில் 70 லட்சம் பவுண்டு ஒதுக்கப்பட்டதாக அப்போதைய நாடாளுமன்ற உறுப்பினர் மிக் வாலஸ் 2015-இல் குற்றம்சாட்டியதும் நாடாளுமன்றத்தின் திறந்த அவையில்தான். வரி கட்டியவர்கள் அதைத் தங்கள் காதாலேயே கேட்டார்கள்.