நிக்லாஸா, உட்ஸா?

குலசேகரம் பகுதியில் ரப்பர் பால்வெட்டுக்கு ஆட்கள் கிளம்பும் விடிகாலைப் பொழுதில்தான் அமெரிக்காவின் அகஸ்டாவில் நடைபெறும் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியின் இறுதிச் சுற்று நமக்கு வழக்கமாக நிறைவுறுகிறது. அந்நேரம்வரை விழித்திருக்கும் என் மாமாவுக்கு ஜாக் நிக்லாஸே பெரியவர்; எனக்கு டைகர் உட்ஸ்.

மாமாவின் வாதம் எண்ணிக்கையில் நிற்கிறது. 1962 யு.எஸ். ஓப்பனில் தொடங்கி, 1986இல் 46 வயதில் வென்ற மாஸ்டர்ஸ் வரை நிக்லாஸ் 18 பெரும்போட்டிகளை (ஆண்டுதோறும் நடக்கும் நான்கு முதன்மை கோல்ஃப் போட்டிகள்) வென்றார். உட்ஸ் வென்றவை 15. மேலும் 19 முறை நிக்லாஸ் இரண்டாம் இடம் பெற்றதையும் மாமா விடாமல் சேர்த்துக்கொள்வார். தோல்வியைக்கூடச் சாதனைக் கணக்கில் எழுதுவது அவர் பழக்கம்.

அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் போட்டித் தொடரான பி.ஜி.ஏ. டூர் வெற்றிகளில் உட்ஸுக்கு 82, நிக்லாஸுக்கு 73. ஆனால் என்னை ஈர்ப்பது அந்த வேறுபாடன்று. 1997இல் தம் 21ஆம் வயதில் மாஸ்டர்ஸை 12 அடிகள் (பந்தை அடிக்கும் எண்ணிக்கை; குறைவாக அடிப்பவரே வெல்வார்) வித்தியாசத்தில் வென்ற உட்ஸ், 2000ஆம் ஆண்டு பெபிள் பீச்சில் நடந்த யு.எஸ். ஓப்பனில் பாருக்கு (மைதானத்துக்கு வகுக்கப்பட்ட அடிகளின் எண்ணிக்கை) 12 அடிகள் குறைவாக முடித்தபோது, இரண்டாம் இடத்தவர்கள் பாருக்கு 3 அடிகள் மேலே இருந்தனர். ஒரே மைதானத்தில் இரு வேறு ஆட்டங்கள் நடந்ததுபோல் இருந்தது. அதிலிருந்து 2001 மாஸ்டர்ஸ் வரை நான்கு பெரும்போட்டிகளையும் தொடர்ச்சியாக வென்றார்.

முதுகு அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின், 2019இல் 43 வயதில் அவர் மீண்டும் மாஸ்டர்ஸை வென்றார். மழை அச்சத்தால் முன்கூட்டியே தொடங்கிய அந்தச் சுற்று நமக்கு நள்ளிரவிலேயே முடிந்தது. அன்று மாமாவும் கைதட்டினார். மறுநாள் 18 என்ற எண்ணுக்கே திரும்பிவிட்டார்.