பிக்கார்ட வச்சு எட்டாயிரம் பாட்ட ஒழுங்குபடுத்துன கதை

பல வருஷமா சேர்த்த எம்பி3 ஒரு எட்டாயிரம் இருக்கும், பாதிக்கு மேல "டிராக் 01", "அன்னோன் ஆர்ட்டிஸ்ட்"னே கெடந்துச்சு, அதுவும் ஒரே பாடகர் இனிஷியலுக்குப் புள்ளி வச்சு, வைக்காம, நடுவுல ஸ்பேஸ் விட்டுன்னு ப்ளேயர்ல மூணு ஆளா நிப்பாரு. கையால திருத்த உக்காந்தா ஆயுசு பத்தாதுன்னு தான் பாட்டு ஃபைலுக்குள்ள இருக்குற பேரு, பாடகர், ஆல்பம் விவரத்த (இதத்தான் டேக்னு சொல்றது) தேடி நிரப்புற மியூசிக்பிரைன்ஸ் பிக்கார்ட்ங்கிற சாஃப்ட்வேர எறக்குனேன். ஃப்ரீ, ஓப்பன் சோர்ஸ், விண்டோஸ் மேக் லினக்ஸ் மூணுலயும் ஓடும்.

இதுல ரெண்டு பட்டன் தான் முக்கியம். லுக்கப் ஏற்கனவே இருக்குற டேக்க வச்சு மியூசிக்பிரைன்ஸ் டேட்டாபேஸ்ல தேடும். ஸ்கேன் பாட்டையே கேட்டு கைரேகை மாதிரி ஒண்ணு எடுத்து பாட்டு கைரேகைங்கள சேத்து வச்சிருக்குற அக்கூஸ்டைடி டேட்டாபேஸ்ல பொருத்திப் பாக்கும், ஃபைல் பேரு எவ்வளவு கேவலமா இருந்தாலும் கவலயில்ல. கேக்க சூப்பரா இருக்குல்ல, நானும் அப்படித்தான் மொத்த ஃபோல்டரையும் இழுத்துப் போட்டு ஸ்கேன் அடிச்சு, காலைல எந்திரிச்சு ஒண்ணையும் பாக்காம சேவ் பண்ணிட்டேன். ஒரு ஆல்பத்துல இருந்த பன்னெண்டு பாட்டு ஒம்போது "பெஸ்ட் ஆஃப்" கலெக்‌ஷனுக்குள்ள செதறிப் போச்சு. பிக்கார்ட திட்டி என்ன பண்ண, அந்தப் பாட்டு நெஜமாவே அந்த கலெக்‌ஷன்லயும் இருக்கே. கைரேகைக்கு இது எந்த ரெக்கார்டிங்னு தான் தெரியும், நீங்க எந்த சிடில இருந்து எடுத்தீங்கன்னு தெரியாது. நல்லவேளை பேக்கப் இருந்துச்சு. சேவ் பண்ணிட்டா பழைய டேக்குக்கு திரும்ப வழியில்ல, அதனால காப்பி எடுக்காம இதத் தொடாதீங்க.

அப்புறம் ஆல்பம் ஆல்பமா போனேன். முதல்ல க்ளஸ்டர் (ஒரே ஆல்பத்து ஃபைல ஒண்ணா சேக்குறது), அப்புறம் லுக்கப், அதுல சிக்காததுக்கு மட்டும் ஸ்கேன். பொருந்துன பாட்டு வலது பக்கம் போகும், அங்க ஆல்பம் முழுசா சேந்துட்டா டிஸ்க் ஐகான் தங்கக் கலராகும், அதப் பாக்குறதே ஒரு போதை. பொருத்தம் நல்லா இருந்தா பச்ச, மோசமா இருந்தா செவப்பு. கீழ பழைய டேக்கும் புது டேக்கும் பக்கத்துல பக்கத்துல காட்டும், சேவ் அடிக்கிறதுக்கு முன்னாடி அத ஒரு தடவ பாத்துட்டா என் கதி உங்களுக்கு வராது.

செட்டிங்ல ரெண்டு விஷயம். பழைய ப்ளேயர் வச்சிருந்தா ஐடி3 (எம்பி3ல டேக் எழுதுற முறை) வெர்ஷன 2.4ல இருந்து 2.3க்கு மாத்துங்க, இல்லன்னா சில டப்பால பேரே தெரியாது. ப்ரிஃபர்ட் ரிலீசஸ்ல ஆல்பத்த ஏத்தி கம்பைலேஷன ("பெஸ்ட் ஆஃப்" மாதிரி கலெக்‌ஷன்) எறக்கி வைங்க, மேல சொன்ன தலவலி பாதி கொறையும். ஃபோல்டர் பேர தானா மாத்துற ஸ்கிரிப்ட் இருக்கு, மொத தடவ பாத்தா கண்ணு கட்டும், ஆனா ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் (மொத்த ஆல்பத்துக்கும் ஒரே பேரு) போட்டு பிரிச்சுட்டா பல பேரு பாடுன ஆல்பம் துண்டு துண்டா போகாது.

வேகம்? மியூசிக்பிரைன்ஸ் சர்வர் செகண்டுக்கு ஒரு ரிக்வெஸ்ட் தான் விடும், அதனால பொறுமை வேணும். டேட்டா எல்லாம் ஜனங்களே ஏத்துனது, விக்கிப்பீடியா மாதிரி, ஸ்பெல்லிங்கும் பாட்டு பேரு எந்த எழுத்துல வரும்கிறதும் ஏத்துனவங்க கையில.

எனக்கு எதோடயும் பொருந்தாம இடது பக்கம் இன்னும் ஒரு முன்னூறு ஃபைல் அப்படியே உக்காந்திருக்கு, பாதி ரேடியோல இருந்து நானே ரெக்கார்ட் பண்ணது, நடுவுல அறிவிப்பாளர் பேசுறதும் சேத்து. அதுக்கு கைரேகைய எங்க போய் தேட, கையால தான் அடிச்சிட்டு இருக்கேன்.