புதிய கணினியில் கோப்புகள் கெடுகின்றன: விண்டோஸைப் பழுதுபார்ப்பதா, ரேமைச் சோதிப்பதா?

புதிதாகப் பூட்டிய கணினியில் ஜிப் கோப்பு விரியும்போது செக்சம் பிழை (தரவு மாறிவிட்டது என்ற எச்சரிக்கை) வருகிறது, இன்ஸ்டாலர் பாதியில் நிற்கிறது, நீலத்திரை தோன்றுகிறது, அதுவும் ஒவ்வொரு முறையும் வேறொரு பெயரைச் சொல்லிக்கொண்டு தோன்றுகிறது என்றால், இதில் முக்கியமான தடயம் கடைசியாகச் சொன்னதுதான். ஒரே நிரலில், ஒரே இடத்தில், ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்தால் மென்பொருளையோ, வன்பொருளை விண்டோஸோடு இணைக்கும் டிரைவரையோ சந்தேகிக்கலாம். பிழை இடம் மாறிக்கொண்டே இருந்தால் சந்தேகம் வன்பொருளின் மேல் விழ வேண்டும். அதிலும் முதலில் கணினியின் தற்காலிக நினைவகமான ரேமின் மேல்.

ஆனால் பெரும்பாலானோர் முதலில் கையில் எடுப்பது விண்டோஸின் சொந்தக் கோப்புகளைப் பழுதுபார்க்கும் எஸ்எஃப்சி, டிஸ்ம் கட்டளைகளைத்தான். அவை பலிக்காவிட்டால் விண்டோஸையே அழித்து மறுபடி நிறுவுகிறார்கள். கழற்ற வேண்டியது எதுவும் இல்லை, கட்டளையைத் தட்டினால் போதும் என்பதே இந்த வழியின் கவர்ச்சி. சேதமான கணினிக் கோப்புகளை மூலப் பிரதியோடு ஒப்பிட்டு மாற்றிவைப்பதில் அவை திறமையானவைதாம். எனினும், மாற்றிவைக்கப்படும் ஒவ்வொரு கோப்பும் அதே ரேம் வழியாகத்தான் வட்டுக்குப் போகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. யூனிகோடில் ‘ல’வுக்கும் ‘ள’வுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரே ஒரு பிட், யூடிஎஃப்-8 முறையில் முதலாவதன் கடைசி பைட் 10110010, இரண்டாவதன் கடைசி பைட் 10110011. ரேமில் அந்த ஒரு பிட் புரண்டால், நீங்கள் சேமித்த ‘கல்’ வட்டில் ‘கள்’ ஆகிவிடும்; எந்த எச்சரிக்கையும் வராது. உரைக் கோப்பில் இது வேடிக்கை, டிரைவர் கோப்பில் நீலத்திரை. ஆகவே ரேம் சரியென்று உறுதியாகும் முன் பழுதுபார்ப்பில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எஸ்எஃப்சி ஒவ்வொரு முறை ஓடும்போதும் புதிது புதிதாகச் சேதங்களைக் கண்டுபிடிக்கிறது என்றால், அதையே வன்பொருளுக்கு எதிரான சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம்.

எதையும் மாற்றாமல் சந்தேகத்தை உறுதிசெய்துகொள்ள ஒரு எளிய சோதனை உண்டு. பெரிய கோப்பு ஒன்றின் எஸ்ஹெச்ஏ-256 மதிப்பை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) மூன்று முறை கணக்கிட்டுப் பாருங்கள். 7-ஜிப் நிறுவியிருந்தால் வலது சொடுக்கு மெனுவிலேயே இதைச் செய்யலாம். மாறாத கோப்புக்கு மதிப்பும் மாறக் கூடாது. மூன்று முறைக்கு மூன்று விடை வந்தால் கோப்பின் மேல் பழியில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: சிறிய கோப்பை விண்டோஸ் ரேமிலேயே தேக்கி வைத்துக்கொள்வதால், இரண்டாம் முறை வட்டைத் தொடாமல் அதே கெட்ட பிரதியையே படித்து, அதே தவறான விடையைத் தரக்கூடும். கோப்பு ரேமின் அளவைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், அல்லது ஒவ்வொரு முறைக்கும் இடையில் கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

ரேமைச் சோதிக்கும் கருவிகளில், விண்டோஸோடு வரும் நினைவகச் சோதனைக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸுக்கும் இடையேதான் உண்மையான போட்டி. முன்னதற்கு யூஎஸ்பி டிரைவ் தேவையில்லை என்பது வசதி. ஆனால் தானாக விட்டால் நடுத்தர நிலையில் இரண்டே சுற்று ஓடி முடிந்துவிடும். எஃப்1 விசையை அழுத்தி விரிவான நிலைக்கு மாற்றலாம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. அது பிழை காட்டினால் நம்பலாம், காட்டாவிட்டால் நிம்மதி அடைய முடியாது. மெம்டெஸ்ட்86 பிளஸ் திறமூல மென்பொருள். 2022-இல் வெளிவந்த 6-ஆம் பதிப்பு முதல் யூஇஎஃப்ஐ எனும் புதிய தொடக்க முறை கொண்ட கணினிகளிலும் ஓடுகிறது. யூஎஸ்பி வழியாக விண்டோஸுக்கு வெளியே தொடங்குவதால் ரேமின் ஏறக்குறைய முழுப் பரப்பையும் எட்டுகிறது. இரவில் ஓடவிட்டுக் காலையில் பாருங்கள். ஒரே ஒரு பிழை இருந்தாலும் தோல்விதான். இரண்டில் ஒன்றுதான் என்றால் என் தேர்வு இதுவே.

ஆனாலும் மெம்டெஸ்டில் தேறிய கணினி, பிரைம்95 போன்ற கடும் கணக்கீட்டுச் சோதனையில் சில நிமிடங்களிலேயே விழுவதுண்டு. மெம்டெஸ்ட் செயலியை (சிபியூவை) அவ்வளவு சூடாக்குவதில்லை. பிரைம்95 செயலியையும் அதன் மெமரி கண்ட்ரோலரையும் பவர் சப்ளையையும் ஒருசேர வருத்துகிறது. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் செயலிகளில் நேர்ந்தது இதற்குத் தக்க எடுத்துக்காட்டு: ரேம் நன்றாக இருந்தும், கேம் கோப்புகளை விரிக்கும்போது பிழை வந்தது, கிராபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்ற தவறான செய்திகூட வந்தது. தேவைக்கு மிஞ்சிய மின்னழுத்தமே முக்கியக் காரணம் என்று அறிந்த இன்டெல், 2024 ஆகஸ்டில் கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸ் வழியாக, செயலியின் உள்கட்டளைகளான மைக்ரோகோடில் திருத்தத்தை வெளியிட்டதோடு உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. ஏற்கெனவே சிதைந்த செயலியை அந்தத் திருத்தம் மீட்காது. அந்த வரிசைச் செயலி உங்களிடம் இருந்தால் பயாஸ் புதுப்பிப்பை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வையுங்கள்.

பிழை உறுதியானதும் ரேமை மாற்றிவிடத் தோன்றும். அதற்கு முன் ரேமை அடிப்படை வேகத்துக்கு மேல் ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பைப் பயாஸில் அணைத்துவிட்டு அதே சோதனையை மறுபடி ஓட்டுங்கள். பெட்டியின் மேல் 6000 என்று அச்சிட்டிருந்தாலும் அது ஓவர்கிளாக் வேகம், அதாவது அடிப்படைக்கு மேல் முடுக்கிய வேகம். அணைத்தால் டிடிஆர்5 ரேம் பெரும்பாலும் 4800 போன்ற அடிப்படை வேகத்துக்கு இறங்கிவிடும். ரேம் ஸ்டிக்குகளின் எண்ணிக்கையும் முக்கியம்: ரைசன் 7000 டெஸ்க்டாப் செயலிகளுக்கு ஏஎம்டி அறிவித்த வேகம் இரண்டு ஸ்டிக்குகளுக்கு 5200, நான்குக்கு 3600 மட்டுமே. நான்கையும் செருகி 6000-ஐ எதிர்பார்த்தால் குற்றம் ரேமில் இல்லை. அடிப்படை வேகத்திலும் பிழை வந்தால்தான் ஒவ்வொரு ஸ்டிக்காக, ஒரே ஸ்லாட்டில் வைத்துச் சோதிக்க வேண்டும். பிழை ஸ்டிக்கோடு நகர்ந்தால் ஸ்டிக் கெட்டது. ஸ்லாட்டோடு தங்கினால் மதர்போர்டையோ செயலி அமர்ந்திருக்கும் சாக்கெட்டையோ பார்க்க வேண்டும்.

வட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எஸ்எஸ்டி கெட்டால் பொதுவாகப் படிக்க முடியவில்லை என்று பிழை சொல்லும். தவறான தரவைச் சரியென்று நீட்டுவது அரிது. சாட்டா கேபிளில் இணைத்த வட்டாக இருந்தால், வட்டு தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 199-ஆம் எண்ணைப் பாருங்கள்; கேபிள் வழியே தரவு போகும்போது நேர்ந்த பிழைகளை அது எண்ணுகிறது. அது ஏறிக்கொண்டே போனால் கேபிளை மாற்றினாலே பெரும்பாலும் போதும். ஆனால் ரேம் சரியாகும் வரை, வட்டின் கோப்பு அமைப்பைச் சோதிக்கும் விண்டோஸ் கருவியான செக்டிஸ்கைத் திருத்தும் நிலையில் ஓட்ட வேண்டாம்; இல்லாத சேதத்தை இருப்பதாக எண்ணி, நல்ல கோப்பு அட்டவணையை அது மாற்றி எழுதிவிடக் கூடும்.

எஸ்எஃப்சி, டிஸ்ம் இரண்டுக்கும் உரிய நேரம் இதற்கெல்லாம் பிறகே வருகிறது. சோதனைகள் ஓர் இரவு முழுக்கப் பிழையின்றி ஓடிய பின் அவற்றை ஓட்டலாம்; நிறுவும்போதே கோளாறு இருந்திருந்தால் விண்டோஸை மறுபடி நிறுவுவதே நல்லது. சொந்தக் கோப்புகளுக்கு அப்படியொரு கட்டளை கிடையாது. கோளாறு இருந்த நாட்களில் இந்தக் கணினி நகலெடுத்த படங்களையும் ஆவணங்களையும் பழைய கணினியிலோ கேமரா கார்டிலோ உள்ள மூலத்தோடு ஒப்பிடுங்கள். அந்த நாட்களில் எடுத்த பேக்அப்பும் இதே ரேம் வழியாகத்தான் போயிருக்கிறது என்பதால், ஒப்பீடு முடியும் வரை அந்த மூலங்களை அழிக்க வேண்டாம்.