பண்டிகை ரயில்: பகல் வண்டியா, மாலை வண்டியா?

பண்டிகை விடுமுறையில் விடப்படும் நீராவி ரயில்களில் சிலவற்றுக்குப் பகலில் ஒரு நடை, இருட்டிய பிறகு ஒரு நடை உண்டு. விளம்பரத்தில் மின்னுவது மாலை வண்டிதான். ஆனாலும் நாலு வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் நான் பகலுக்குத்தான் டிக்கெட் எடுப்பேன்.

காரணம் ஜன்னல். உள்ளே விளக்கு எரிந்து வெளியே இருட்டாக இருந்தால் கண்ணாடியில் நம் முகம்தான் தெரியும். சின்னக் குழந்தை அதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் சிரிக்கும். அப்புறம் "எப்போ வீட்டுக்குப் போறோம்?" என்று நச்சரிக்க ஆரம்பிக்கும். பகலில் பாலம், மாடு, வயலில் நின்று கையாட்டுகிறவர்கள் என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். கடைசி நிலையத்தில் என்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்டுகிறார்கள் என்றால் விடாதீர்கள். ஆள் குனிந்து கொக்கியை மாட்டி முறுக்கி இறுக்கும்வரை வாலுப்பிள்ளைகள்கூட அசையாமல் நிற்பார்கள்! தூங்கும் நேரமும் கெடாது.

மாலை வண்டி ஆறேழு வயதுக்கு மேல்தான் ருசிக்கும். கரி அள்ளிப் போட அடுப்புக் கதவைத் திறந்ததும் டிரைவர் நிற்கும் இடம் முழுக்கச் செம்மஞ்சளாகிவிடும். மேலே போகும் புகையும் சேர்ந்து சிவக்கும். பகலில் இது கண்ணில் படவே படாது. அலங்கார விளக்குகளும் அப்போதுதான் எடுபடும்.

எந்த வண்டியானாலும் என்ஜினை ஒட்டிய பெட்டி வேண்டாம். ஜன்னல் திறந்திருந்தால் கரித்தூள் கண்ணில் விழும், விசில் காதைப் பிளக்கும்.