பைப் கேஸ் எடுக்கலாமா? யூஸ் பண்றவளோட ரிவ்யூ

கேக்குறவங்க நிறைய பேர் இருக்கீங்க, அதனால மொதல்லயே சொல்லிடறேன். அடுப்படிக்குள்ள பைப் கேஸ் ரொம்ப நல்லா இருக்கு, தாராளமா எடுக்கலாம். ஆனா உங்க தெருவுல போட்டிருக்கிற பைப்ல நிஜமாவே கேஸ் ஓடுதான்னு விசாரிக்காம டெபாசிட் மட்டும் கட்டிடாதீங்க. பைப் புதைச்சிருக்குங்கறது வேற, அதுல கேஸ் ஏத்தியிருக்குங்கறது வேற, இந்த ரெண்டுக்கும் நடுவுல மாசக்கணக்குல காத்திருக்கிற வீடுங்க ஏராளம்.

நல்ல விஷயத்துலேருந்து ஆரம்பிக்கறேன். கனெக்‌ஷன் குடுக்க வந்த தம்பி அடுப்பைக் கவுத்துப் போட்டு, பர்னருக்குக் கீழ இருக்கிற பித்தளை ஜெட்டைக் கழட்டிக் கையில குடுத்தாரு. பழசுல ஊசி முனை அளவுக்குத்தான் ஓட்டை, புதுசுல அதைவிடப் பெருசு. ஏன்னு கேட்டேன். சிலிண்டர் கேஸ் 30 மில்லிபார் கிட்ட பிரஷர்ல வரும், பைப் கேஸ் 21 மில்லிபார்தான், அதோட அதே அளவு கேஸ்ல இருக்கிற சூடும் எல்.பி.ஜி.யை விடக் குறைச்சல், அதனால அதிகமா கேஸ் வந்தாத்தான் அதே தீ கிடைக்கும்னாரு. மாத்தி முடிச்சதும் காத்து வர்ற இடத்தை லேசா திருகி மஞ்சள் நுனி போய் முழுசா நீலமா எரியற வரைக்கும் பாத்தாரு, அப்புறம் சோப்புத் தண்ணியைக் கரைச்சு ஒவ்வொரு ஜாயின்ட்லயும் தடவிக் குமிழி வருதான்னு குனிஞ்சு குனிஞ்சு பாத்தாரு. கெளம்பும்போது "அக்கா, பழைய ஜெட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க, நாளைக்கு வீடு மாத்திச் சிலிண்டருக்குப் போனா இதுதான் வேணும்"னு ஒரு கவர்ல போட்டுக் குடுத்துட்டுப் போனாரு. வேலை தெரிஞ்ச ஆளு. இந்த ஜெட் மாத்துற வேலையை மட்டும் தெரு மெக்கானிக்கை வச்சு ஓட்டையைப் பெருசாக்கிச் சமாளிச்சுடலாம்னு யாரும் நெனைக்காதீங்க, தீ சரியா எரியலைன்னா கார்பன் மோனாக்சைடு வரும், வாசனையே இல்லாத விஷம் அது.

பாதுகாப்பு பத்தி நிறைய பயம் இருக்கு. சிலிண்டர் கேஸ் காத்தை விடக் கனம், லீக் ஆனா தரையோட தரையாத் தேங்கி நிக்கும். பைப்ல வர்றது பெரும்பாலும் மீத்தேன், காத்தை விட லேசு, மேல ஏறிடும், அதனால அடுப்படியில மேல வென்டிலேட்டர் இருக்கணும், அதை அடைச்சு வச்சிருக்கிறவங்க மொதல்ல அதைத் தொறங்க. ரெண்டுக்குமே சொந்தமா வாசனை கிடையாது, அந்த நாத்தம் வேணும்னே கலக்கறதுதான். இன்னொண்ணு, சுவத்துல மஞ்சள் பெயின்ட் அடிச்ச பைப்ல இருக்கிற வால்வோட கைப்பிடி பைப்போட ஒரே நேரா இருந்தா தொறந்திருக்குன்னு அர்த்தம், குறுக்கா இருந்தா மூடியிருக்கு. வீட்டுல இருக்கிற பெரியவங்க, பசங்க, வேலைக்கு வர்றவங்க எல்லாருக்கும் இதைக் காட்டிக் குடுங்க, இதுல வெக்கமே வேணாம்.

பில்லு சிலிண்டர் கணக்குல வராது, எஸ்.சி.எம்னு போட்டிருக்கும், அதாவது கன மீட்டர். 14.2 கிலோ சிலிண்டர்ல இருக்கிற சூட்டை எடுக்க ஏறக்குறைய 17 எஸ்.சி.எம் வேணும். உங்க ஊர் எஸ்.சி.எம் ரேட்டை 17ஆல பெருக்கிச் சிலிண்டர் விலையோட வச்சுப் பாருங்க, லாபமா நஷ்டமான்னு உடனே தெரிஞ்சிடும். பைப்ல வர்ற இந்த இயற்கை எரிவாயு இன்னும் ஜி.எஸ்.டி.க்குள்ள வரல, ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியா வாட் போடுது, அதனால வேற மாநிலத்துச் சொந்தக்காரங்க சொல்ற ரேட்டை வச்சு முடிவு பண்ணாதீங்க.

இப்ப குறைக்கு வர்றேன். எங்களுக்குச் சர்வீஸ் குடுக்கிற கம்பெனி பேரைச் சொல்ல விரும்பல, ஆனா டெபாசிட் வாங்கறதுல இருந்த சுறுசுறுப்பு லைன் சார்ஜ் பண்றதுல, அதாவது பைப்ல கேஸ் ஏத்தறதுல, இல்ல. ரோட்டைத் தோண்டிப் பைப்பைப் புதைச்சாங்க, மண்ணை அரைகுறையா மூடினாங்க, அதுக்கப்புறம் எங்களுக்குக் கேஸ் வர்ற வரைக்கும் போன் பண்ணினா ஒவ்வொரு தடவையும் "மெயின் லைன் பர்மிஷன் வரலைங்க"ங்கற அதே பதில். மொதல்ல சாக்கு சொல்றாங்கன்னுதான் தோணுச்சு. கொஞ்சம் படிச்சுப் பாத்தப்பதான் இந்தப் பிரச்சினை நம்ம தெருவோட முடியறது இல்ல, நாடு பூரா இதே கதைன்னு புரிஞ்சுது.

கொச்சியைப் பாருங்க. பெட்ரோநெட்ங்கற கம்பெனி அங்க 2013ல வருஷத்துக்கு 50 லட்சம் டன் எல்.என்.ஜி, அதாவது திரவமாக்கின இயற்கை எரிவாயு, கையாளற டெர்மினலைக் கட்டி முடிச்சாங்க. மைனஸ் 160 டிகிரி கிட்டக் குளிர வச்சு, 600ல ஒரு பங்காச் சுருக்கி, கப்பல்ல வர்ற கேஸை இறக்கித் திரும்ப ஆவியாக்கிற பெரிய வசதி. ஆனா அங்கேருந்து கேஸை வெளிய கொண்டு போகப் பைப் இல்ல! கொச்சி மங்களூரு லைன் 450 கிலோமீட்டர், அதைத் தொறந்தது 2021 ஜனவரியில. அதுவரைக்கும் அவ்வளவு பெரிய டெர்மினல் பெரும்பாலும் சும்மாவே கெடந்துச்சு. அதே திட்டத்துல நம்ம பக்கம் வர வேண்டிய லைன் கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரின்னு 7 மாவட்ட விவசாய நிலத்து வழியாப் போறதா இருந்துச்சு, விவசாயிங்க எதிர்த்தாங்க, 2013ல மாநில அரசு நெடுஞ்சாலை ஓரமாப் போடச் சொல்லிச்சு, சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 2016ல பைப் போடற மத்திய அரசு கம்பெனியான கெயிலுக்குச் சாதகமாத் தீர்ப்பு வந்துச்சு. விவசாயிங்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல. பைப்லைனுக்கு நிலத்தைப் பயன்படுத்தறது பத்தின 1962 சட்டப்படி நிலம் அவங்க பேர்லயேதான் இருக்கும், ஆனா பைப் போற பட்டையில வீடு கட்டக் கூடாது, மரம் நடக் கூடாது. தென்னந்தோப்பு வச்சிருக்கிறவருக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு. 2014ல ஆந்திராவுல கிழக்கு கோதாவரி மாவட்டத்துல நகரம்ங்கற ஊர்ல பைப் வெடிச்சு 20 பேருக்கு மேல செத்தாங்க, அதைப் பாத்த பயமும் இருக்கும்ல. நியாயமான காசு, ஒழுங்கான பராமரிப்பு, இது ரெண்டையும் மொதல்லயே உறுதியாக் குடுத்திருந்தா இத்தனை வருஷம் போயிருக்காதுன்னுதான் நான் நெனைக்கறேன்.

நம்ம எண்ணூர் டெர்மினல் 2019ல வந்துச்சு, இந்தியன் ஆயில் கட்டினது, அதுவும் 50 லட்சம் டன்தான், கிழக்குக் கடற்கரையில மொதல் எல்.என்.ஜி டெர்மினல். அங்கேருந்து பெங்களூரு, புதுச்சேரி, நாகப்பட்டினம், மதுரை, தூத்துக்குடின்னு 1,400 கிலோமீட்டருக்கு மேல ஒரு திட்டம், அதுல ராமநாதபுரம் தூத்துக்குடி பகுதியை 2021 பிப்ரவரியில தொறந்தாங்க. துண்டு துண்டாத்தான் வருது. குஜராத், டெல்லி பக்கம் இந்த அவஸ்தை கம்மி, ஏன்னா குஜராத்ல இருக்கிற ஹசீராவுலேருந்து வடக்க போற பெரிய லைன் 1980கள்லயே போட்டாச்சு, அதே குஜராத்ல தஹேஜ் எல்.என்.ஜி டெர்மினல் 2004லயே வந்தாச்சு. பைப் மொதல்ல போன இடத்துல உரத் தொழிற்சாலை, ஆட்டோவுக்கு சி.என்.ஜி, வீட்டுக்கு அடுப்புன்னு எல்லாம் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா வந்துருச்சு.

"சரி, கேஸ் தொடர்ந்து வருமா, நடுவுல நின்னுடுமா?"ன்னு அம்மா கேட்டாங்க. நம்ம நாட்டுல யூஸ் பண்ற கேஸ்ல பாதிக்குப் பக்கம் இறக்குமதிதான். 2022ல உக்ரைன் போர் வந்தப்ப உடனடி விலைக்கு விக்கற எல்.என்.ஜி, எம்.எம்.பி.டி.யுங்கற சூட்டு அளவு ஒண்ணுக்கு 50 டாலரையெல்லாம் தாண்டிப் போச்சு, ஆலைக்காரங்க நிறைய பேர் மறுபடி வேற எரிபொருளுக்கு மாறினாங்க. ஆனா வீட்டு அடுப்புக்கு உள்நாட்டு மலிவு கேஸ்ல முன்னுரிமை இருக்கு. அந்தக் கேஸுக்கு 2023 ஏப்ரல்லேருந்து கச்சா எண்ணெய் விலையில 10 சதவீதம்னு கணக்கு வச்சு, அதே அளவுக்கு மேல 6.5 டாலர்னு ஒரு உச்சவரம்பும் வச்சாங்க. 2024 அக்டோபர், நவம்பர்ல உள்நாட்டு கேஸ் பத்தாம ஒதுக்கீட்டைக் குறைச்சப்பக்கூட அடி விழுந்தது சி.என்.ஜி.க்குத்தான், வீட்டுக்கு இல்ல. அதனால திடீர்னு நின்னுடுமோங்கற பயம் வேணாம். ஆனா உள்நாட்டுல பழைய கேஸ் கெணறுங்க வத்திட்டே வருது, நாட்டோட எரிசக்தியில கேஸோட பங்கு இன்னும் 6 சதவீதம் கிட்டத்தான், 2030க்குள்ள 15 ஆக்கணும்னு அரசு சொல்லுது. அவ்வளவு கேஸ் வெளியிலேருந்துதான் வரணும், அப்ப ரேட் இதே மாதிரி இருக்கும்னு யாராவது வாக்குக் குடுத்தா நம்பாதீங்க.

அபார்ட்மென்ட்ல இருக்கிறவங்க அசோசியேஷன் மூலமாப் பேசுங்க, தனித்தனியாப் போனா மதிக்க மாட்டாங்க. லைன் சார்ஜ் ஆயிடுச்சா, ஆகலைன்னா எந்த மாசம்னு எழுத்துல கேளுங்க. டெபாசிட் திரும்பக் கிடைக்கிறதா, எத்தனை மீட்டர் பைப் வரைக்கும் இலவசம், அதுக்கு மேல மீட்டருக்கு எவ்வளவுன்னும் அந்தப் பேப்பர்லயே வாங்கிக்கோங்க, மேல் மாடிக்காரங்களுக்கும் அடுப்படி உள்ள தள்ளி இருக்கிறவங்களுக்கும் இதுல நல்லாவே காசு ஏறும். அப்புறம் ரோட்டைத் திரும்பப் போடறது யாரு பொறுப்புன்னும் கேளுங்க, எங்க தெருவுல அந்தப் பள்ளம் மழைக்கு இன்னும் பெருசாயிட்டே போகுது.